கம்பம் நட்ட பிறகு சுட்ட கேக்

மேட்டூர்,
6-3-1938

அன்புள்ள சென்னாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம், வெயிலைத் தவிர. அணைக்கட்டு ஆபீசில் உட்கார்ந்தால் காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நேற்று என் வேர்வை பட்டு மை கலைந்துபோய், தலைமைக் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். உப்புச்சக்கரை மாற்றிக் கல்யாணம் உறுதியாகிவிட்டாலும், கட்டிக்கப் போகிறவளுக்குக் கடுதாசி எழுதுவது என்ன பழக்கம் என்று அய்யன் முனகினார். "என் அண்ணன் மகள்தானே, எழுதட்டும்" என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள். உன் அத்தைக்கு நீ கடமைப்பட்டிருக்கிறாய்.

வைகாசியில் இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாய். அதற்குள் சிலவற்றைப் பழகிக்கொள். இங்கே ஆபீசர் வீட்டுப் பெண்கள் டீயைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடிப்பதில்லை. கோப்பையிலேயே, சத்தம் வராமல். நாக்கு வெந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. சாயங்காலம் அணைமேல் உலாவப் போகிறவர்கள், புருசன் பெண்டாட்டி சேர்ந்துதான் நடக்கிறார்கள். நீ பத்தடி பின்னால் வந்தால், உன்னோடு பேசத் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான சேதி. 27-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் துரைசானி தண்ணீர்க் கரையில் டீ விருந்து வைக்கிறாள். படகு விடுவார்கள். குமாஸ்தாக்களில் மூன்று பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள், அதில் நான் ஒருவன். எனக்கு வரப்போகிறவள் சூரமங்கலத்தில் சித்தி வீட்டில் இருந்து படித்தவள், அங்கே ரயில்வே கார்டு சம்சாரத்திடம் கேக் சுடக் கற்றவள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். கிராமத்தில் அடுப்புப் பெட்டி இல்லாமல் கேக்கா என்று துரைசானி சிரித்தாள். ருசி பார்க்க வேண்டுமாம். என் மானம் உன் கையில் இருக்கிறது.

தங்கமுத்து


கருக்கம்பாளையம்,
11-3-1938

மச்சானுக்குச் சென்னம்மாள் எழுதிக்கிறது.

முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். இனிமே கார்டுல பொடிப்பொடியா எழுதாதீங்க, கவர்ல எழுதுங்க. தபால்காரர் நீட்டறப்பவே, "டீயைத் தட்டுல ஊத்தக் கூடாதாமா சாமி"ன்னு சொல்லிட்டுத்தான் குடுத்தார். பொழுது எறங்கறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. எங்க மருதாசலம் அண்ணன் சம்சாரம் ராசாத்தி நங்கை இருக்காங்களே, நீராகாரத்தைக் கும்பாவுல ஊத்திக் குடுத்து, "சத்தம் வராமக் குடிங்க மேட்டூர்க்காரம்மா"ங்கறாங்க. அவங்க மகள் பாவாயிக்கு மூணு வயசு. அதுவும் கத்துக்கிச்சு. சொம்புத் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிச்சுப்போட்டு, என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்குது.

சேந்து நடக்கறதுக்கு எனக்குச் சம்மதம். உங்களுக்கு ஈடு குடுக்க முடியுமான்னுதான் ரோசனையா இருக்கு. தைமாசம் வந்தப்ப நாய் தொரத்தினதுக்கு நீங்க ஓடின ஓட்டத்தை நானும்தான் பார்த்தேன்.

துரைசானி சிரிச்சாங்களா? சிரிக்கட்டும். எனக்குச் சொல்லிக்குடுத்த ரோஸியம்மாகிட்டயும் அடுப்புப் பெட்டி கிடையாது. பெரிய சட்டியில ஆத்து மணலைக் கொட்டிச் சூடேத்தி, அதுக்குள்ள மாவுப் பாத்திரத்தை எறக்கி, மேல தட்டத்தை மூடி, தட்டத்து மேல அடுப்புக் கங்கை அள்ளிப் போட்டுட்டா முடிஞ்சுது. கீழயும் அனல், மேலயும் அனல். வெந்துச்சான்னு பார்க்க ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தாப் போதும்.

ஆனா 27ன்னா முடியாதுங்க. வர்ற செவ்வாக்கிழமை மாரியாத்தா கோயில்ல கம்பம் நடறாங்க. நட்டதிலிருந்து புடுங்கற வரைக்கும் வடச்சட்டி வெக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கறி முட்டை ஆகாது. உங்களுக்குத் தெரியாததா? வெண்ணெயும் முட்டையும் போட்டுச் சுட்டா அடுத்த ஊரு வரைக்கும் மணக்கும். முன்னாடியே சுட்டு அனுப்பினா 27க்குள்ள பூசணம் புடிச்சுப்போகும். அதனால துரைசானிகிட்டச் சொல்லி நாளைத் தள்ளி வெக்கச் சொல்லுங்க. ஆத்தாளைத் தள்ளி வெக்க முடியாது.

சென்னம்மாள்


மேட்டூர்,
17-3-1938

சென்னா,

கவரில்தான் எழுதியிருக்கிறேன், திருப்திதானே. அந்த நாய் வெறிநாய் என்பது உனக்குத் தெரியாது.

துரைசானியிடம் போய் நாளைத் தள்ளி வை என்று சொல்ல நான் யார்? மாசச் சம்பளக் குமாஸ்தா. கேக் இல்லாமல் போனால், வாய்ச்சொல்லில் வீரன் என்று தலைமைக் குமாஸ்தா முதல் பியூன் வரை சிரிப்பார்கள். கூட வரப்போகிற இரண்டு பேரும் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஊருக்குள்தானே கூடாது? உங்கள் சாளைக் குடிசை காட்டுக்குள் இருக்கிறது. அங்கே சுட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? நீ எட்டாம் வகுப்பு படித்தவள். முட்டை வாசனைக்குக் கோபித்துக்கொள்கிற சாமி எந்தச் சாமி? நாம் வைகாசிக்குப் பிறகு நடத்தப்போகிற வாழ்க்கையில் இந்தச் சாங்கியத்துக்கெல்லாம் இடம் இருக்கப்போவதில்லை. இப்போதிருந்தே ஆரம்பிப்போம்.

26-ம் தேதி காலையில் எங்கள் ஆபீஸ் பியூன் காளியப்பனை அனுப்புகிறேன். நானே வரலாம். ஆனால் கம்பம் நட்ட ஊரில் ஒரு இராத்திரி தங்கிவிட்டால் புடுங்குகிற வரை வெளியே விட மாட்டார்கள், எனக்கு லீவு இல்லை.

நல்ல பழக்கம் தெரிந்த ஆண்பிள்ளை ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இங்கிலீசுப் புஸ்தகம் ஒன்றில் படித்தேன். ஆகவே கட்டாயப்படுத்தவில்லை. எனக்காகச் செய் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கமுத்து


கருக்கம்பாளையம்,
26-3-1938

மச்சானுக்கு,

காளியப்பன் வாசல்ல நிக்கறார், அவசரமா எழுதறேன்.

சுட்டுட்டேன். நேத்துச் சாயங்காலம் சாளையில. நங்கைகிட்ட மறைக்க முடியல, சொல்லிட்டேன். "மேட்டூர்க்காரர் கேட்டுட்டாரு, இனி நீ எங்க கேக்கப் போற"ன்னு சொல்லி அவங்களே வந்து கங்கை விசிறினாங்க. பாவாயி பக்கத்துலயே குத்த வெச்சு உட்கார்ந்திருந்தா. கேக்கு உப்பி வந்தப்ப கையைத் தட்டினா. ஓரத்துல கொஞ்சம் தீஞ்சு போச்சு, அதைக் கிள்ளி அவளுக்குக் குடுத்தேன். இன்னும் வேணும்னு அழுதா. துரைசானிக்குப் போற கேக்கை வெட்டக் கூடாதுன்னு சொல்லி வெச்சிட்டேன்.

மணத்தை மூடி வெக்க முடியலைங்க. காலையில காளியப்பன் வர்றதுக்காகப் பொட்டியை ஊட்டுக்குக் கொண்டாந்தேன். கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போன பொம்பளைங்க எங்க வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டுப் போனாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாத் தேவலை.

நீங்களே வந்திருக்கலாம்.

சென்னம்மாள்


மேட்டூர்,
29-3-1938

என் சென்னா,

ஜெயித்துவிட்டோம். துரைசானி இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள். ஓரம் தீய்ந்திருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அதுதான் ருசி என்று சொல்லிவிட்டாள். நீ எப்போது இங்கே வருகிறாய் என்று விசாரித்தாள். துரை என் தோளைத் தட்டினார். தலைமைக் குமாஸ்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு படகில் ஏறினோம். நடுத் தண்ணீரில் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. உன்னை எங்கே உட்கார வைப்பேன், என்ன பேசுவேன் என்று அப்போதே யோசித்து வைத்துவிட்டேன். ஊரில் முகம் பார்த்துப் பேசக்கூட விட மாட்டார்கள். இங்கே யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுத்த கோடையில் ஏற்காட்டுக்கும் போய்விட்டு வரலாம்.

பாவாயிக்குத் தனியாக ஒரு கேக் சுட்டுக் கொடு. மாமன் கொடுக்கச் சொன்னார் என்று சொல்.

தங்கமுத்து


கருக்கம்பாளையம்,
5-4-1938

மச்சானுக்கு,

பாவாயிக்கு ஆத்தா எறங்கியிருக்கா. மூணு நாள் காய்ச்சல் அடிச்சு, முந்தாநாளு மூஞ்சியில முத்து போட்டிருச்சு. இப்ப உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம். வேப்பந்தழையில படுக்க வெச்சிருக்கு. நங்கை பக்கத்தை விட்டு எந்திரிக்கறதில்லை.

கம்பத்தைப் போன புதன்கிழமையே புடுங்கிக் கெணத்துல போட்டாச்சு. ஆனாலும் ஊர்ல பேச்சு வேற மாதிரி கெளம்பிருச்சு. "கருக்கம்பாளையத்துல கம்பம் நிக்கறப்ப முட்டை வெந்த ஊடு எது"ன்னு தண்ணிக் கெணத்துல என் காதுபடக் கேக்கறாங்க. அண்ணன் என்கிட்டப் பேசறதில்லை.

எனக்குப் பயமா இருக்குங்க. லீவு போட்டுட்டு ஒரு நாளைக்கு வாங்க. நீங்க கேட்டுத்தான் சுட்டேன்னு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.

சென்னம்மாள்


மேட்டூர்,
9-4-1938

சென்னா,

குழந்தை பிழைத்துக்கொள்ளும், தைரியமாக இரு.

இங்கே காலனி டாக்டரிடம் கேட்டேன். காய்ச்சின தண்ணீர் கொடுக்க வேண்டும், மற்றக் குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது, போர்த்தின துணியை வெந்நீரில் போட வேண்டும். பாவாயிக்கு அம்மை குத்தியிருந்ததா என்று கேட்கிறார். குத்தியிருந்தால் இவ்வளவு கடுமையாக வராதாம். உடனே எழுது.

வர வேண்டும் என்றுதான் ஆசை. வருசக் கணக்கு முடிகிற சமயம், துரை யாரையும் விடுவதில்லை. அதோடு, அம்மை கண்ட ஊருக்குப் போய்வந்தால் குவார்ட்டர்ஸுக்குள் விட மாட்டார்கள். உன் அண்ணனுக்குத் தனியாகக் கடுதாசி எழுதலாமா என்று பார்த்தேன். எழுத்தில் எழுதினால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். நேரில் பார்க்கும்போது பக்குவமாகச் சொல்கிறேன். கேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தங்கமுத்து


கருக்கம்பாளையம்,
17-4-1938

மச்சானுக்கு,

பாவாயி போயிட்டா. செவ்வாக்கிழமை விடியக்காலம். கடைசி ரெண்டு நாள் கண்ணு தொறக்கல. தண்ணி தண்ணின்னு மட்டும் கேட்டா. குடுத்தா எறங்கல.

உங்க கடுதாசி அவளை எடுத்துட்டுப் போன மறுநாள் வந்துச்சு. அம்மை குத்தியிருந்ததான்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க. போன ஐப்பசியில அம்மை குத்தறவர் வந்தாரு. குத்தினாக் காய்ச்சல் வரும், கை வீங்கும்னு நங்கை பயந்துக்கிட்டு, பாவாயியைக் காலி நெல்லுக் குதிருக்குள்ள உட்கார வெச்சு மூடிப்போட்டு, கொளந்தை அம்மாயி ஊட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லிட்டாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். சிரிச்சேன். பாவாயி உள்ள சத்தம் காட்டாம உட்கார்ந்திருந்தா, வெளிய எடுத்ததும் முத்தம் குடுத்தோம். அண்ணனுக்குக்கூட இது தெரியாது. உங்களுக்கு மட்டும் எழுதறேன்.

நாலு ஊட்டுல இப்ப அம்மை. மேலத்தெருவுல ஒரு பையனும் போயிட்டான். நேத்து ஊர்க்கூட்டம் போட்டு எங்க அய்யனைக் கூப்பிட்டாங்க. வர்ற 3-ம் தேதி செவ்வாக்கிழமை நான் ஈரத்துணியோட, கங்கு நெரப்பின பூச்சட்டியை எடுத்துக் கோயிலைச் சுத்தி வரணும். வந்து எல்லார் முன்னாலயும், "கம்பம் நட்ட பொறகு குத்தம் பண்ணினேன், என்னாலதான் கொளந்தைக போச்சு"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லலைன்னா எங்க ஊட்டுக்கு நெருப்பும் தண்ணியும் குடுக்க மாட்டாங்க.

பூச்சட்டி எடுக்க எனக்குச் சடைவில்லை. கை வெந்தா வேகட்டும். அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். பாவாயியை நான் கொல்லல. சொல்லிப்போட்டேன்னா, நாளைக்கு எனக்கே அது நெசமாப் போயிரும்.

நீங்க வாங்க மச்சான். மாப்பிள்ளை வந்து நின்னு, "நான் கேட்டேன், அவ செஞ்சா"ன்னு சொன்னாப் பேச்சு மாறும். பாதிப் பழி உங்க மேல வந்துச்சுன்னா மீதிப் பாதியை நான் தாங்கிக்குவேன். தனியாத் தாங்க முடியல.

சென்னம்மாள்


மேட்டூர்,
23-4-1938

சென்னா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

குழந்தை கையைத் தட்டினாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் மனசில் நிற்கிறது. நான் அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். என் மடியில் ஏற மாட்டேன் என்று அழுதாள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன்னிடம் கேட்டது நான் என்று நான் அங்கே வந்து சொன்னால் என்ன ஆகும்? பழி பாதியாகாது, இரண்டு மடங்காகும். சாமி குத்தத்துக்குத் துணைபோன மாப்பிள்ளை என்று எங்கள் ஊர் வரைக்கும் வரும். அய்யன் ஏற்கெனவே கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டார்.

நீ சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குத்தாததால் குழந்தை போனது, கேக்கால் அல்ல. அதை ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடு. டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். சொல்ல மனம் இல்லையென்றால் ஊரோடு ஒத்துப் போ. ஒரு வார்த்தைதானே. விருந்துக்குப் போன இடத்தில் பிடிக்காத பலகாரத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லையா? அந்த மாதிரி மரியாதைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடு. சாங்கியத்தை நம்புகிறவர்களிடம் வாதாடிப் பலன் இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். லீவு கேட்கவே இல்லை. எனக்கு ஆறு வயசில் எங்கள் கந்தன் அண்ணன் அம்மை வார்த்து என் பக்கத்துப் பாயில் செத்துப்போனான். முகம் அடையாளம் தெரியவில்லை. இன்றைக்கும் வேப்பந்தழை வாடின வாசனை வந்தால் எனக்கு வாந்தி வருகிறது. இரண்டு தடவை குத்திக்கொண்டவன்தான் நான், ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

தங்கமுத்து


கருக்கம்பாளையம்,
5-5-1938

மச்சானுக்கு,

பயம்னு முதல் கடுதாசியிலயே எழுதியிருந்தா நான் உங்களை வாங்கன்னு கூப்பிட்டிருக்கவே மாட்டேன். எனக்கும் பயம்தான். கணக்கு முடிக்கறேன், துரை விடலைன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் நெஞ்சுல தைக்குது. பாவாயி சாவும் பலகாரமும் உங்களுக்கு ஒண்ணாத் தெரிஞ்சுதா? போகட்டும்.

நடந்ததைச் சொல்றேன்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நங்கையை ஊட்டுல காணல. தேடிட்டுப் போனேன். எங்க தோட்டத்துக் கெணத்து மேட்டுல உட்கார்ந்திருந்தாங்க. கொடம் இல்லை, கயிறு இல்லை. காலை உள்ள தொங்கப் போட்டிருந்தாங்க. நான் சத்தம் போடாமப் போயிப் பக்கத்துல உட்கார்ந்து முந்தானையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். பாவாயி போனதுலருந்து அன்னைக்குத்தான் என்கிட்டப் பேசினாங்க.

"சென்னா, கேக்காலதான ஆத்தாளுக்குக் கோவம் வந்துச்சு?"

நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் புடிச்சேன்.

"நீயே சொல்லு. படிச்சவ நீ. கேக்காலதான்னு சொல்லு. இல்லீன்னா நான் அந்தக் குதிரு மூடியைத் தொறந்து தொறந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். உள்ள உட்கார்ந்திருக்கா. சத்தங் காட்டாதேன்னு நான்தான் சொன்னேன், சத்தமே காட்ட மாட்டேங்கறா."

மச்சான், நான் என்ன சொல்லட்டும்? நீங்க எழுதின நெசம் என் கையில இருந்துச்சு. அதைச் சொன்னா நான் தப்பிச்சுக்குவேன். அவங்க காலு கெணத்துக்குள்ள தொங்கிட்டு இருந்துச்சு.

"ஆமாங்க நங்கை, கேக்காலதான்"னு சொன்னேன். அவங்க என் கன்னத்துல அறைஞ்சாங்க. அறைஞ்சுட்டு, கெணத்து மேட்டுலருந்து எறங்கி ஊட்டுக்கு நடந்தாங்க. நான் பின்னாலயே வந்தேன்.

செவ்வாக்கிழமை பூச்சட்டி எடுத்தேன். ஊரே கூடி நின்னுச்சு. மூணு சுத்துச் சுத்தி முடிச்சு, "என்னாலதான் போச்சு"ன்னு சொன்னேன். முணுமுணுப்பாச் சொன்னாள்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதில்லைங்களா, அதனால சத்தமாச் சொன்னேன். உங்க பேரை எங்கயும் எடுக்கல. அம்மா அழுதாங்க. மேலத்தெருவுல பையனைப் பறிகொடுத்தவங்க என்மேல மண்ணை வாரித் தூத்தினாங்க. உள்ளங்கை ரெண்டும் கொப்புளம், அதான் எழுத்து கோணலா இருக்கு.

அன்னைக்குப் பொழுதோட நங்கை சோறு தின்னாங்க.

சென்னம்மாள்


மேட்டூர்,
13-5-1938

என் சென்னா,

உன் கடுதாசியை வைத்துக்கொண்டு நாலு நாள் ஆபீசுக்குப் போகவில்லை.

சேதி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. அய்யன் உறவுக்காரர் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, தன் வாயாலேயே ஒத்துக்கொண்டவளை என் வாசலில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு குழந்தையைத் தின்றவள் இன்னொரு குழந்தையை எப்படி வளர்ப்பாள் என்று கேட்டாராம். அம்மா, தன் அண்ணன் வீட்டைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துக் கிடக்கிறாள்.

நான் அய்யனிடம் நேரில் போய்ப் பேசினேன். கேக் சுடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். முதல் தடவையாக அவர் எதிரில் உட்கார்ந்து பேசினேன். அவர் கடைசியில் ஒன்று சொன்னார்: அவள்மேல் குத்தம் இல்லை என்று அதே ஊர், அதே கோயில் வாசலில் சொல்லட்டும், கல்யாணம் நடக்கும்.

ஆகவே வருகிறேன். 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலனி டாக்டரும் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார். ஊரைக் கூட்டி வைக்கச் சொல்லி ஊர்க்கவுண்டருக்கு எழுதப்போகிறேன். அம்மை எப்படி வருகிறது, குத்தினால் எப்படித் தடுக்கும் என்று டாக்டர் சொல்வார். கேக் சுடச் சொன்னவன் நான் என்று நான் சொல்வேன். குழந்தையைக் குதிருக்குள் ஒளித்து வைத்ததையும் சொல்லிவிடுவேன். அது ஒன்றுதான் அவர்கள் வாயை மூடும். உன் அண்ணன் சம்சாரத்துக்குக் கஷ்டம்தான். ஆனால் செய்யாத குத்தத்தை நீ ஏன் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும்?

இப்போது பயமில்லை. வேப்பந்தழை என்ன, எது இருந்தாலும் வருகிறேன். உன்னை முன்னமே தனியாக விட்டது தப்பு. இனி விட மாட்டேன்.

உன் தங்கமுத்து


கருக்கம்பாளையம்,
18-5-1938

மச்சான்,

வராதீங்க.

உங்க கடுதாசியைப் பிரிச்சு, "வருகிறேன்"னு போட்டிருந்ததைப் பார்த்ததும் அழுதுட்டேன். அந்த வரியை மட்டும் நாலஞ்சு வாட்டி படிச்சேன். ஒரு மாசமா அதுக்குத்தான் வழி பார்த்துட்டு இருந்தேன். அப்பறம் கீழ படிச்சேன்.

நீங்க சொல்லப்போறது பூரா நெசம். டாக்டர் சொல்றதும் நெசம். அதனாலதான் வர வேண்டாங்கறேன்.

நங்கை இப்ப எந்திரிச்சுத் தண்ணி எடுக்கறாங்க, மாட்டுக்குத் தீனி வெக்கறாங்க. நான் ஆக்கினதைத் தொடறதில்லை. என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க, "பாவி"ன்னு காதுபடச் சொல்றாங்க. எனக்கு வெசனமாத்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா குதிரு பக்கம் போறதில்லை. வெறுக்கறதுக்கு அவங்களுக்கு ஒரு ஆள் வேணும், நான் இருக்கேன். நான் நகந்துக்கிட்டேன்னா அந்த எடத்துல அவங்களே வந்து நிப்பாங்க. நீங்க ஊரு முன்னால சொல்லிட்டு, என்னைக் கையைப் புடிச்சு மேட்டூருக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்க. நாம அணைமேல சேந்து நடப்போம். இங்க கெணத்து மேட்டுல யாரு காவல் இருப்பாங்க?

கண்ணாலம் வேண்டாம். மாமன் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அத்தையை எந்திரிச்சுச் சோறு திங்கச் சொல்லுங்க, எங்க அய்யனுக்கு அவங்க மேல ஒரு கோவமும் இல்லை. உங்களுக்கு வேற எடம் பார்ப்பாங்க. வர்றவளுக்கு டீ குடிக்கச் சொல்லிக்குடுங்க, நாள் கெழமை பார்த்துக் கேக்குச் சுடச் சொல்லுங்க. எனக்கு இனி யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும். அம்மாவுக்குத்தான் அது இன்னும் தெரியல. எனக்கு உங்க மேல ஆசை இல்லாமப் போயிருச்சுன்னு நினைச்சுக்காதீங்க. ஆசை இருக்கறதனாலதான் இதை எழுதறதுக்கு மூணு நாள் ஆச்சு.

டாக்டர் வரட்டும். வந்து மத்தக் கொளந்தைகளுக்குக் குத்திட்டுப் போகட்டும். பாவாயி பேரை எடுக்க வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க. நான் கூடப் போனாக் கதவு தொறக்க மாட்டாங்க, அதனால தபால்காரரைத் தொணைக்குக் கூட்டிக்கச் சொல்லுங்க.

மீறி நீங்க வந்து கோயில் வாசல்ல நின்னு குதிரு கதையைச் சொன்னீங்கன்னா, "அது பொய், இவரு கட்டி விடறாரு"ன்னு நானே எந்திரிச்சு எல்லார் முன்னாலயும் சொல்லுவேன். அன்னைக்குச் சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லுவேன். ஊரு என்னைத்தான் நம்பும். உங்களைப் பொய்யன்னு சொல்ல என்னை வெச்சுடாதீங்க.

கேக்கு சுடுன்னீங்க, சுட்டேன். ஊரோட ஒத்துப் போன்னீங்க, போனேன். நான் கேட்டதுல இந்த ஒண்ணையாச்சும் செய்யுங்க.

சென்னம்மாள்